இருபது வயதுக் கண்கள்

அவளைத் துருவி என்று முதலில் கூப்பிட்டது அவள் கணவன்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில், லிஃப்ட் கம்பி அறுந்தால் என்ன ஆகும், அறுந்தாலும் கீழே விழாது என்றால் அதை எது பிடித்து நிறுத்துகிறது, அப்படிப் பிடிக்கும் என்று தெரிந்தும் ஆட்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே போக, அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். "அம்மா தாயே, நான் கட்டிக்கிட்டது பொண்டாட்டியையா, துருவியையா?"

பெயர் ஒட்டிக்கொண்டது. மாமியார் வீட்டில், வேலை பார்க்கும் கடையில், எதிர்வீட்டில் எல்லோருக்கும் அவள் துருவி. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. துருவாமல் ஒரு விஷயத்தை விட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவளுக்கு.

வேலை, ஒரு கண்ணாடிக் கடையில். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் லென்ஸ் அரைக்கும் மெஷின். ஃபிரேமின் வடிவத்துக்கு லென்ஸை அரைப்பாள், காதுக் கம்பியைச் சூடாக்கி வளைப்பாள், மூக்குப் பட்டை அழுத்துகிறது என்று வருகிறவர்களுக்குச் சரிசெய்து கொடுப்பாள். கறுப்புத் திரை போட்ட இன்னொரு அறையில், கண்ணைச் சோதித்துப் பவர் எழுதுகிற ஆப்டோமெட்ரிஸ்ட் அம்மாள் உட்கார்ந்திருப்பார். கடையில் எல்லோரும் அவரை டெஸ்ட் மேடம் என்பார்கள். துருவிக்கு அந்தத் திரைக்குப் பின்னால்தான் மனசு கிடந்தது. லென்ஸ் பற்றி அவளுக்குத் தெரியும். அந்த லென்ஸ் ஒருவருக்கு ஏன் வேண்டியிருக்கிறது என்பது மட்டும் அந்தத் திரைக்கு உள்ளேயே நின்றுவிட்டது.

டெஸ்ட் மேடத்துக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, கிளம்பப் போகிறார் என்று தெரிந்த அன்று, முதலாளி துருவியைக் கூப்பிட்டார்.

"படிக்கணும் படிக்கணும்னு சொல்லிட்டே இருக்கியே, போய்ப் படியேன். படிச்சுட்டு வந்தா அந்த நாற்காலி உனக்கு. அதுவரைக்கும் யாரையாவது வெச்சு ஓட்டறேன்."

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவனிடம் சொன்னாள். அவன் யோசிக்கவே இல்லை. "படி. அங்க போயாவது வாத்தியாரைக் கேளு. நான் கொஞ்சம் மூச்சு விடறேன்."

எங்கே படிப்பது என்பதில் குழப்பமே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் நாத்தனார், அதாவது கணவனின் தங்கை, ஊர் ஓரத்தில் இருக்கிற தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்த்தாள். தொலைபேசியில் வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்கிற வேலை. "வணக்கம், தர அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்" என்று அவள் மூச்சு விடாமல் ஆரம்பிப்பதைக் கேட்டுக் கேட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் அதைத்தான் சொல்வாள் என்று அண்ணன் கேலி செய்வான்.

"அண்ணி, எங்ககிட்டயே ஆப்டோமெட்ரி இருக்கு. நாலு வருஷப் படிப்பு. வீட்டுலேர்ந்தே போய் வரலாம். சீட்டு நான் பாத்துக்கறேன், நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம்" என்றாள் நாத்தனார். துருவிக்கும் மகிழ்ச்சிதான். பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லிவிட்டாள்.

மறுவாரம் கடைக்கு ஓர் இளைஞன் வந்தான். டெஸ்ட் மேடத்தின் இடத்துக்கு ஆள் தேவை என்று முதலாளி சொல்லிவைத்திருந்ததைக் கேட்டு வந்தவன். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ. நாத்தனார் வேலை பார்க்கிற அதே பல்கலைக்கழகத்தில் ஆப்டோமெட்ரி முடித்தவன், அந்தப் படிப்பு தொடங்கிய முதல் வருடமே சேர்ந்தவர்களில் ஒருவன். முதலாளிக்கு அவனைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"பதிவு எண் சொல்லுப்பா, எழுதிக்கறேன்."

இளைஞன் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினான். "அது இன்னும் வரலை சார்."

"வரலைன்னா? பதிவு இல்லாம நீ எப்படிக் கண்ணு பாப்பே? என் கடையை மூடிடுவாங்க."

"பதிவுக்கு முன்னாடி ஒரு தகுதித் தேர்வு எழுதணும் சார். அதுக்கு எங்க காலேஜ் பசங்களை விட மாட்டேங்கறாங்க."

முதலாளி கையை விரித்தார். பையன் முகம் விழுந்துபோனதைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்தது. கடைசியில், கவுண்டரில் நின்று ஃபிரேம் விற்கிற வேலை கொடுத்தார். கடைப் பையன்கள் அன்றைக்கே அவனுக்குப் பட்டதாரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

துருவி அவனைச் சும்மா விடுவாளா? மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டு அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா, உங்க பல்கலைக்கழகம் அங்கீகாரம் வாங்கினதுதானே?"

"ஆமாக்கா. வாசல்லயே பெரிசா எழுதியிருக்கும்."

"பின்ன ஏன் பரீட்சைக்கு விடலை?"

"தெரியலைக்கா. வந்துடும் வந்துடும்னு சொன்னாங்க. நாலு வருஷமும் சொன்னாங்க."

"எது வந்துடும்?"

அவன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அதைத்தான் நாங்க யாரும் கேக்கலை."

துருவிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கணவன் தரையில் உட்கார்ந்து மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தான். துருவி நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"உங்க இடத்துல படிச்ச பையன் ஒருத்தன் எங்க கடையில ஃபிரேம் விக்கிறான். தகுதித் தேர்வு எழுத விடலையாம். நீ போன்ல தினம் சொல்ற அங்கீகாரம் என்ன அங்கீகாரம்?"

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. "என்ன அண்ணி, நான் பொய் சொல்றேன்கிறீங்களா? எங்க பல்கலைக்கழகத்துக்கு நிஜமாவே இருக்கு. குழு வந்து பார்த்துட்டுப் போனப்ப நானே பூச்செண்டு கொடுத்தேன்."

"நீ பொய் சொல்றேன்னு யாரு சொன்னது? நீயும் உண்மை சொல்றே, அந்தப் பையனும் உண்மை சொல்றான். ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்? அதுதான் எனக்குப் புரியலை."

விசிறியின் திருகாணியைப் பல்லில் கவ்வியிருந்த கணவன் அதை எடுத்துவிட்டுச் சொன்னான்: "ஏன் இருக்காது? ஒரு கட்டடம் கட்டினா, கட்டடம் உறுதியா இருக்குன்னு ஒரு ஆள் வந்து பார்த்து எழுதித் தருவான். அதை வெச்சுக்கிட்டு லிஃப்டை ஓட்ட முடியுமா? லிஃப்டுக்குத் தனியா வேற ஆள் வரணும். கட்டடத்துக்கு இருக்கற சான்று லிஃப்டைத் தாங்காது."

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"அப்போ படிப்புக்குத் தனியா ஒண்ணு இருக்கணும்" என்றாள் துருவி மெதுவாக.

"எனக்கென்ன தெரியும்? நான் விசிறி மாட்டறேன்" என்று அவன் திருகாணியை மறுபடி பல்லில் வைத்துக்கொண்டான்.

நாத்தனார் கோபமாகத்தான் கிளம்பிப் போனாள். ஆனால் அவளும் எதையும் பிரித்துப் பார்த்துவிடுகிற அண்ணனின் தங்கைதான். ஒரு விஷயம் மண்டைக்குள் நுழைந்துவிட்டால் குடைந்துகொண்டே இருக்கும். மறுநாள் அலுவலகத்தில் தன் மேலாளரிடம் கேட்டாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "விண்ணப்பிச்சிருக்கு. வந்துடும்" என்றார். அவள் அன்று சாயங்காலமே துருவிக்குப் போன் செய்து, "வந்துடுமாம் அண்ணி" என்றாள்.

"எதுல வருது? பஸ்லயா, ரயில்லயா?" என்றாள் துருவி.

இதற்கிடையில் கடையில் ஒன்று நடந்தது. டெஸ்ட் மேடம் கிளம்ப இன்னும் சில நாட்கள் இருந்தன. பட்டதாரி படித்ததை மறந்துவிடக் கூடாது என்று அவர் அவ்வப்போது திரைக்குள் கூப்பிட்டு அவனைப் பக்கத்தில் நிற்கவைப்பார். ஒரு நாள் வயதான தையல்காரர் ஒருவர் வந்தார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண்ணாடியை மாற்றினாலும் அப்படியேதான் இருக்கிறது என்றார். மேடம் அவரைக் கருவியின் முன்னால் முகவாயை வைத்து உட்காரச் சொன்னார். அதில் விளக்கொளி ஒரு மெல்லிய கீற்றாகக் கண்ணுக்குள் விழும். பட்டதாரியைப் பார்க்கச் சொன்னார். துருவி, கண்ணாடிக்காக இரண்டு கருவிழிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளக்கிற சாக்கில், திரையோரம் நின்றுகொண்டாள்.

பட்டதாரி கண்ணை வைத்துப் பார்த்தான். குமிழைத் திருகினான். மறுபடி பார்த்தான்.

"லைட் சரியா விழலை மேடம். மங்கலா இருக்கு."

"லைட் சரியா இருக்குப்பா."

அவன் இன்னும் திருகினான். காது நுனி சிவந்துவிட்டது. மேடம் அவன் தோளைத் தொட்டு நகரச் சொல்லி, தானே பார்த்துவிட்டு, தையல்காரரிடம் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சரியாகிவிடும் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். அவர் போனபிறகு பட்டதாரியிடம் திரும்பினார். குரலில் கண்டிப்பு இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"கண்புரை நீ பார்த்ததே இல்லையா?"

"புத்தகத்துல பார்த்திருக்கேன் மேடம். கலர் படம்."

"நாலு வருஷத்துல ஒரு பேஷன்ட்கூடவா?"

"எங்க காலேஜ்ல பேஷன்ட் வர மாட்டாங்க மேடம். நாங்க ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்துப்போம். எல்லாருக்கும் நல்ல கண்ணு."

துருவி அதுவரை அவனுக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். எவனோ ஒரு முத்திரை குத்தவில்லை, அதனால் ஒரு பையனின் பிழைப்பு கெட்டுவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அவள் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. அந்தத் தையல்காரர் திரைக்குள் இவனை மட்டும் பார்த்திருந்தால், இன்னொரு புதுக் கண்ணாடியோடு வீட்டுக்குப் போயிருப்பார். பையனும் நல்லவன்தான், நன்றாகத்தான் படித்திருக்கிறான். பின்னே யார் பார்த்திருக்க வேண்டும் இதை? முத்திரை குத்துகிறவர்கள் எதைப் பார்த்துக் குத்துகிறார்கள்?

அவள் நாத்தனாரைப் போனில் பிடித்தாள். "லீவு போடு. ஒரு இடத்துக்குப் போறோம்."

தகுதித் தேர்வு வைத்துப் பதிவு எண் கொடுக்கிற, கண் பரிசோதகர்களுக்கான மன்றத்தின் அலுவலகம் ஒரு வங்கிக்கு மேல்தளத்தில் இருந்தது. பெரிய இடமாக இருக்கும் என்று நாத்தனார் நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். அங்கே நான்கைந்து மேஜைகள், இரும்பு அலமாரிகள், வாடாத ஒரு பிளாஸ்டிக் செடி. அதற்கும் தூசி தட்ட ஆள் இல்லை. படிப்புகளை ஆய்வு செய்கிற பிரிவுக்கு ஓர் அதிகாரி அம்மாள் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே மேஜைமேல் தேடிக்கொண்டிருந்தார்.

"நெத்தியில இருக்கு மேடம்" என்றாள் துருவி.

அவர் சிரித்துவிட்டார். அதோடு பேச்சு சுலபமாகிவிட்டது.

துருவி கேட்டாள்: "ஒரு பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கு, அங்க படிச்ச பையனுக்கு இல்லை. இது எப்படி மேடம்?"

"பல்கலைக்கழகத்துக்குத் தர்றது வேற குழு. நூலகம் இருக்கா, கணக்கு வழக்கு ஒழுங்கா இருக்கா, பரீட்சையை நேர்மையா நடத்தறாங்களான்னு மொத்தமா பாப்பாங்க. அது இல்லைன்னா அங்க வாங்கின பட்டத்தை வெச்சு வேற எங்கயும் மேல படிக்கப் போக முடியாது. ஆனா கண்ணு, பல்லு, மருந்து மாதிரி, தப்புப் பண்ணினா இன்னொரு ஆளுக்கு அடிபடற படிப்பு இருக்கே, அதை அந்தந்தத் துறையே தனியாப் போய்ப் பாக்கும். இங்க அது எங்க வேலை."

"என்ன பாப்பீங்க?"

"வாத்தியாருங்களோட பேசுவோம். பசங்களைத் தனியா உக்காரவெச்சுக் கேப்போம். எத்தனை பேஷன்ட்டைப் பார்த்தீங்க, எந்த மாதிரிக் கண்ணு பார்த்தீங்கன்னு. கட்டடம் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் எங்களுக்கு ஒண்ணுமில்லை."

நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, தன் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாள். "எங்களுக்கு வந்துடும்னு சொல்றாங்க மேடம்."

அதிகாரி அம்மாள் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "அது ஒண்ணும் ரகசியமில்லை, யாரு கேட்டாலும் சொல்லுவோம். உங்க விண்ணப்பம் வந்தது. நாங்களும் வந்தோம். திருப்பி அனுப்பிட்டோம். பாடம் நல்லா நடத்தறாங்க, கருவியெல்லாம் புதுசு. ஆனா நோயாளி வர்ற ஆஸ்பத்திரி எதோடயும் ஏற்பாடு இல்லை. நாலு வருஷமும் இருபது வயசுக் கண்ணையே பார்த்துட்டு ஒரு பையன் வெளியில வந்தா, குழந்தையையும் கிழவரையும் அவன் எங்க போய்க் கத்துக்குவான்? முதல் பேஷன்ட் மேலயா? ஏற்பாடு பண்ணிட்டு மறுபடி விண்ணப்பிங்கன்னு எழுதினோம். அப்புறம் சத்தமே இல்லை."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அந்த ஒரு வரியைச் சொல்லியிருப்போம் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.

துருவிக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "மேடம், தப்பா நினைக்காதீங்க. எல்லாரையும் நீங்க பாக்கறீங்க. உங்களை யாரு பாக்கறாங்க?"

நாத்தனார் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தாள். ஆனால் அதிகாரி அம்மாளுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று.

"இங்க வந்து இதை யாருமே கேட்டதில்லைம்மா. எங்களையும் ஒரு அமைப்பு வந்து பார்த்துட்டுப் போகும். போன தடவை நல்லாக் குட்டு வாங்கினோம். சில விண்ணப்பங்களை ரொம்ப நாள் ஆறப்போட்டுட்டோம்னு. சரியாத்தான் சொன்னாங்க." பிறகு தானாகவே சேர்த்துக்கொண்டார்: "எங்க முத்திரையையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. எப்போ குடுத்தது, இன்னும் செல்லுமான்னு பாருங்க. போன தடவை இருந்த வாத்தியாரு இப்போ இருக்காரான்னு கேளுங்க."

திரும்பி வரும்போது பேருந்தில் நாத்தனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் சொன்னாள்: "நான் சொன்னது உண்மைதான் அண்ணி. அதுதான் எனக்குத் தாங்கலை. பொய்யா இருந்திருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன்."

"உன் மேல தப்பு இல்லை. நீயும் கேக்கலை, அவ்வளவுதான்."

"இனிமே யாராவது போன்ல கேட்டா என்ன சொல்றது?"

அது தான் சொல்ல வேண்டிய பதில் இல்லை என்று துருவிக்குத் தோன்றியது. துருவினால் அடுத்தவள் வேலைக்கு ஆபத்து வரும் என்பது அன்றுதான் அவளுக்கு முதல்முறையாக உறைத்தது.

மறுநாள் காலை நாத்தனாரின் மேஜையில் வழக்கம்போலப் போன் அடித்தது. ஒரு அப்பா பேசினார். மகளுக்கு ஆப்டோமெட்ரி சேர வேண்டும் என்றார்.

"வணக்கம், தர அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்" என்று வாய் தன்னாலே சொல்லிவிட்டது. அப்புறம் அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "சார், பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கு. ஆனா ஆப்டோமெட்ரி படிப்புக்கு அந்தத் துறை மன்றத்தோட அங்கீகாரம் இன்னும் வரலை. அது இல்லாம உங்க பொண்ணு தகுதித் தேர்வு எழுத முடியாது. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

எதிர்முனையில் அவர், "நல்ல வேளை சொன்னேம்மா" என்றார். அவள் பெயரைக் கேட்டு வாழ்த்தினார். இத்தனை வருடத்தில் அந்த மேஜையில் அவளை யாரும் வாழ்த்தியதில்லை.

அன்று அப்படி இன்னும் சிலர். சாயங்காலத்துக்குள் மேலாளர் வந்து நின்றார்.

"யாராவது கேட்டா மட்டும் சொல்லு. நீயா ஏன் எடுத்துக் குடுக்கறே?"

"அவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது சார். தெரியாததை எப்படிக் கேப்பாங்க? எனக்கே போன வாரம் தெரியாது."

மேலாளரிடம் அதிகாரம் இருந்தது. அடுத்த வாரமே அவளை அடையாள அட்டைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். காலையிலிருந்து மாலைவரை மாணவர்களைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுக்கிற வேலை. "அசையாதீங்க, சிரிக்காதீங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கே சிரிக்க மறந்துடும் போலிருக்கு" என்று புலம்பினாள். அண்ணன், வேலையை விட்டுவிட்டு வா என்றான். அவள் விடவில்லை. ஆப்டோமெட்ரி மாணவர்கள் அட்டைக்கு வந்து நிற்கும்போது, படம் எடுத்து முடித்தபிறகு, ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொல்லி அனுப்பினாள்.

அதுதான் கடைசியில் வேலை செய்தது. கேட்கத் தெரியாமல் இருந்தவர்களுக்குக் கேட்கத் தெரிந்துவிட்டது. மாணவர்கள் வீட்டில் சொன்னார்கள், வீட்டில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். பட்டதாரியும் தன் கூடப் படித்தவர்களைக் கூட்டிக்கொண்டு போனான். துறைத் தலைவராக இருந்த அம்மாள் அவர்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு, "நீங்க வந்தது நல்லதாப் போச்சு" என்றாராம். ஆஸ்பத்திரி ஏற்பாடு வேண்டும் என்று அவர் நிர்வாகத்திடம் கேட்டுக்கேட்டுக் களைத்திருந்தார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பதில்தான் ஒவ்வொரு முறையும் வந்திருந்தது. சேர்க்கை சரிய ஆரம்பித்த பிறகு, அந்த அடுத்த வருடம் சட்டென்று வந்துவிட்டது. நகரத்துப் பொது ஆஸ்பத்திரியின் கண் பிரிவோடு ஒப்பந்தம் ஆனது. மன்றத்திலிருந்து குழு மறுபடி வந்தது. உள்ளே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நிபந்தனையோடு ஒப்புதல் கிடைத்தது. ஏற்கெனவே முடித்துவிட்டு வெளியே போனவர்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் நோயாளிகளைப் பார்த்துவிட்டுத்தான் தேர்வு எழுதலாம் என்றார்கள்.

பட்டதாரி இதைச் சொன்னபோது கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவன் மட்டும் ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சந்தோஷமா இல்லையா?" என்றாள் துருவி.

"சந்தோஷம்தான்க்கா. என்னோட பள்ளிக்கூடத்துல படிச்சவன் வேற காலேஜ்ல சேர்ந்து இப்போ சொந்தமா கிளினிக் வெச்சிருக்கான். ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் சேர்ந்தோம். நான் சேரும்போது கேன்டீன் எப்படி இருக்குன்னு கேட்டேன். இதைக் கேக்கலை." ஒரு ஃபிரேமை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "ஆனா அந்தத் தையல்காரரை நினைச்சா, ஒரு வருஷம் ஒண்ணும் அதிகமில்லைன்னு தோணுது."

துருவி எங்கே சேர்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது. நாத்தனாரின் பல்கலைக்கழகத்தில் இனிமேல் பயமில்லை என்று சிலர் சொன்னார்கள். நிபந்தனை என்றால் என்ன, நிறைவேறாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அவள் ஒரு வருடம் பொறுத்திருந்து, நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு பழைய கல்லூரியைப் போய்ப் பார்த்தாள். சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. கேன்டீனில் தேநீர் வாயில் வைக்க முடியவில்லை. ஆனால் கண் மருத்துவமனை கல்லூரியை ஒட்டியே இருந்தது. காலையிலேயே வாசலில் வரிசை நின்றது. துருவி கல்லூரி அலுவலகத்துக்குப் போகாமல் அந்த வரிசையைக் கடந்து உள்ளே போய், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வந்த மாணவி ஒருத்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு யாரைப் பார்த்தே?"

"ஒரு பாட்டி, ரெண்டு டிரைவர், பட்டாணி மாதிரி ஒரு குழந்தை" என்றாள் அந்தப் பெண். "ஏன் அக்கா, நீங்க ஆய்வுக் குழுவா?"

"இல்லம்மா. சேர வந்தேன்."

மன்றத்திலும் விசாரித்தாள். அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருந்தது, போன வருடம்தான் புதுப்பித்திருந்தார்கள். நெற்றியில் கண்ணாடி வைத்துக்கொண்டிருந்த அதிகாரி அம்மாளே போனை எடுத்து, "நீங்களா? கேளுங்க, கேளுங்க" என்றார். சேர்ந்துவிட்டாள். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியிருந்தது. வகுப்பில் எல்லோரும் சின்னப் பிள்ளைகள். அவளை அக்கா என்றார்கள்.

மூன்றாம் வருடத்தில் அவளை முதல்முறையாகக் குழந்தைகள் பிரிவில் விட்டார்கள். அவள் முன்னால் வந்தது நான்கு வயதுப் பையன். அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்க மாட்டேன் என்றான். இறங்கியதும் நாற்காலியைச் சுற்றி ஓடினான். படங்கள் போட்ட அட்டையைக் காட்டி இது என்ன என்றால், "நீ சொல்லு" என்றான். வீட்டிலும் கடையிலும் யாரையும் கேள்வி கேட்டே கவிழ்த்துவிடுகிற துருவிக்கு, பதிலே சொல்லாத ஓர் ஆளை என்ன செய்வது என்று தெரியவில்லை. வலது கண்ணை மூடினால் சும்மா இருந்தான், இடது கண்ணை மூடினால் கையைத் தட்டிவிட்டான். வழிநடத்துகிற ஆசிரியை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குத் தட்டிவிடறான்?" என்று மட்டும் கேட்டார்.

துருவி யோசித்தாள். இன்னொரு முறை மூடிப் பார்த்தாள். மறுபடி தட்டிவிட்டான். அவளுக்கு மெல்ல விளங்கியது. "இடது கண்ணால மட்டும்தான் பாக்கறான் மேடம். அதை மூடினா அவனுக்கு ஒண்ணும் தெரியலை."

ஆசிரியை குனிந்து தானும் பார்த்தார். "சரியா இருக்கு. சீக்கிரம் பிடிச்சுட்டோம். இனிமே பார்த்துக்கலாம்" என்று பையனின் அம்மாவிடம் சொன்னார். இடது கண்ணின் பவர் அளவைத் துருவியையே எடுக்கச் சொன்னார். எடுத்தாள். தப்பு என்று மறுபடி எடுக்கச் சொன்னார். அதுவும் தப்பு. அதற்குள் பையன் தூங்கிவிட்டான். மற்றக் கண்ணுக்கு மறுநாள் காலை கூட்டிவரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாத்தனாரும் வந்திருந்தாள். இப்போது அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள், கேமரா இல்லாத வேலை. கணவன் தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

"இன்னிக்கு எத்தனை பேரைப் பார்த்தே?"

"பேரா?" என்றாள் துருவி. "காலையிலேர்ந்து ஒரே ஒரு கண்ணு."

"இன்னொரு கண்ணு?"

"அது தூங்கிடுச்சு. நாளைக்குத்தான் வரும்."

அவன் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "பஸ்லயா, ரயில்லயான்னு கேளு" என்றான். நாத்தனார் தேநீரைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். துருவி சிரிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பையனுக்கு இத்தனை நாளாக உலகம் எப்படித் தெரிந்திருக்கும் என்று, தன் வலது கண்ணை மூடி ஒருமுறையும் இடது கண்ணை மூடி ஒருமுறையும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.